புரூஃபில் தெரியாத பெருக்கல்

சென்னையிலும் புதுச்சேரியிலும் ஆய்விதழ் தயாரிப்பு என்றொரு தொழில் நடக்கிறது. வெளியில் அவ்வளவாகத் தெரியாத தொழில். லண்டனிலோ பெர்லினிலோ இருக்கும் பதிப்பகம் ஒரு கணித இதழை நடத்தும். அதில் எழுதுபவர் பிரேசிலில் இருப்பார். அவருடைய கோப்பை வாங்கி, பக்கமாக்கி, புரூஃப் அனுப்பி, திருத்தம் சேர்த்து, அச்சுக்கும் இணையத்துக்கும் தோதாகக் கொடுக்கும் வேலை பெருங்குடிப் பக்கம் ஏதோ ஒரு கட்டடத்தின் மூன்றாவது மாடியில் நடக்கும். அப்படியொரு மாடியில்தான் என் பிழைப்பு. கணிதத்தில் பட்டம் வாங்கிவிட்டு, வாத்தியார் வேலை கிடைக்கும்வரை இருப்போம் என்று சேர்ந்தவர்கள் இந்தத் தொழிலில் நிறைய. நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன்.

நான் சேர்ந்தபோது வேலை என்றால் பக்கம். பக்கம் அழகாக வரவேண்டும், சமன்பாடு வரிக்கு வெளியே தலை நீட்டக் கூடாது, பின்னத்தின் கோடு சரியான உயரத்தில் நிற்கவேண்டும். டொனால்ட் கனூத் 1978-ல் வெளியிட்ட டெக் மென்பொருள்தான் இதற்கு அளவுகோல். கூட்டல் குறிக்கு இரு பக்கமும் எவ்வளவு இடம், அடுக்குக்குறி எவ்வளவு சிறிது என்று எல்லாம் அதற்கு அத்துப்படி. ஆனால் 2எக்ஸ் என்று அடித்தால் இரண்டையும் எக்ஸையும் ஒட்டி வைக்கும், அவ்வளவுதான். நடுவில் பெருக்கல் இருக்கிறது என்று அதற்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். எஃப்(எக்ஸ்) என்று அடித்தாலும் அப்படியே. எஃப் என்பது சார்பா, எண்ணா என்று டெக் கேட்டதில்லை. நாங்களும் கேட்டதில்லை. பார்க்கிறவர் கணிதக்காரர், அவருக்குத் தெரியும் என்பதுதான் அச்சுத் தொழிலின் அடிப்படை நம்பிக்கை.

எக்ஸ்எம்எல் வந்ததும் அந்த நம்பிக்கை போதாமல் போனது. டபிள்யூ3சி அமைப்பு 1998 ஏப்ரலில் மேத்எம்எல் முதல் பதிப்பை வெளியிட்டது. அதில் ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு டேக். எண் என்றால் எம்என், மாறி என்றால் எம்ஐ, செயற்குறி என்றால் எம்ஓ. 2எக்ஸ் என்பதை இப்படி உடைத்தால் ஓர் எம்என், ஓர் எம்ஐ. சரி, இரண்டையும் சேர்ப்பது எது? ஓர் எம்ஓ வேண்டும். அந்த எம்ஓவுக்குள் என்ன போடுவது? காகிதத்தில் அங்கே எதுவும் இல்லையே.

மேத்எம்எல்லை வகுத்தவர்கள் இதற்கு இரண்டு வழி வைத்தார்கள். ஒன்று, தோற்றத்தை விட்டுவிட்டுப் பொருளை மட்டும் எழுதும் தனி டேக் தொகுதி. ‘பெருக்கு, இரண்டை, எக்ஸால்’ என்று கட்டளை போல எழுதுவது. துல்லியமானதுதான். ஆனால் ஆய்விதழ் உலகம் அதைத் தொடவில்லை. ஒவ்வொரு சமன்பாட்டையும் கணிதக்காரர் ஒருவர் உட்கார்ந்து மறுபடி எழுதவேண்டும். பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி பேசும் தொழிலில் அது கட்டுப்படியாகாது. இன்னொரு வழி, தோற்றத்துக்கான டேக்குகளையே வைத்துக்கொண்டு, காகிதத்தில் காலியாக இருக்கும் இடத்தில் மட்டும் கண்ணுக்குத் தெரியாத செயற்குறி ஒன்றை வைப்பது. தொழில் இந்த இரண்டாவதைப் பிடித்துக்கொண்டது.

முதலில் இந்தக் குறிகளுக்குப் பெயர்கள்தான் இருந்தன. ‘இன்விசிபிள் டைம்ஸ்’, ‘அப்ளை ஃபங்ஷன்’, ‘இன்விசிபிள் கமா’ என்று ஆம்பர்சண்டுக்கும் அரைப்புள்ளிக்கும் நடுவில் எழுதுவோம். பின்னால் நிலையான எண் கிடையாது. யூனிகோடில் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கிய தனிப்பயன் பகுதியில் ஏதோ ஓர் எண்ணைக் காட்டி ஒப்பேற்றிக்கொண்டிருந்தார்கள். ஒரு நிறுவனத்தின் கோப்பை இன்னொரு நிறுவனத்தின் மென்பொருளில் திறந்தால் அந்த இடத்தில் என்ன வரும் என்று சொல்ல முடியாது. 2002-ல் வெளியான யூனிகோட் 3.2 பதிப்பில்தான் மூன்று குறிகளுக்கு நிரந்தர முகவரி கிடைத்தது. ஹெக்ஸ் கணக்கில் 2061 சார்பைச் செலுத்தும் குறி. 2062 தெரியாத பெருக்கல். 2063 தெரியாத காற்புள்ளி. நான்காவதான தெரியாத கூட்டலுக்கு 2064 என்ற எண் 2008-ல், 5.1 பதிப்பில்தான் வந்தது. அமெரிக்கக் கணிதக் கழகத்தின் பார்பரா பீட்டன், மைக்ரோசாஃப்டின் மர்ரே சார்ஜன்ட், யூனிகோடின் அஸ்மஸ் ஃப்ரைடாக் ஆகிய மூவரும் எழுதிய யூனிகோட் தொழில்நுட்ப அறிக்கை எண் 25 எங்கள் மேசைகளில் பிரிண்ட் எடுத்துக் கிடக்கும். கணிதக் குறிகளை யூனிகோட் எப்படிக் கையாளுகிறது என்பதற்கு அதுதான் வேதம்.

யூனிகோட் அட்டவணையில் இந்த நான்கையும் பார்க்க வேடிக்கையாக இருக்கும். உருவமில்லாத எழுத்தை எப்படி அச்சிடுவது? புள்ளிக்கோட்டுச் சதுரம் ஒன்றை வரைந்து, அதற்குள் பெருக்கல் குறி, காற்புள்ளி, கூட்டல் குறி என்று அடையாளத்துக்கு ஒன்றை வைத்திருப்பார்கள். சதுரமும் உள்ளே இருப்பதும் அட்டவணைக்கு மட்டும். எழுத்துக்கு அகலம் கிடையாது, மை கிடையாது. வகைப்பாட்டில் இவை கணிதக் குறிகளோடு சேராமல், ‘ஃபார்மட்’ என்ற பிரிவில் இருக்கின்றன. இப்படியொரு எழுத்தை ஒரு மென்பொருளால் கையாள முடியாவிட்டால் காட்டாமல் விட்டுவிடவேண்டும் என்பது விதி. விதியை மதிக்காத மென்பொருளிலும் எழுத்துருவிலும் அது டப்பாவாக வந்து நிற்கும். பிடிஎஃப் புரூஃபில் சமன்பாட்டு நடுவில் டப்பா விழுந்தால், ஃபான்ட் பிரச்சினையா, இந்தத் தெரியாதவர்களின் வேலையா என்று பார்ப்பதுதான் எங்கள் முதல் வேலை.

கோப்புக்குள் அது எப்படி இருக்கிறது என்பதை ஒருமுறையாவது கண்ணால் பார்த்துவிட்டால் பயம் போய்விடும். புதிதாகச் சேர்பவர்களுக்கு நான் முதலில் காட்டுவது இதைத்தான். தெரியாத பெருக்கலின் எண் பதின்மக் கணக்கில் 8290. யுடிஎஃப்-8 முறையில் அது மூன்று பைட்டாக உடைகிறது: 226, 129, 162. இருமத்தில் எழுதினால் 11100010, 10000001, 10100010. முதல் பைட்டின் தொடக்கத்தில் உள்ள 1110 ‘இது மூன்று பைட் எழுத்து’ என்கிறது. அடுத்த இரண்டின் தொடக்கத்தில் உள்ள 10 ‘நாங்கள் தொடர்ச்சி’ என்கிறது. இந்த முன்னொட்டுகளைக் கழித்துவிட்டு மிச்சத்தைச் சேர்த்தால் 0010000001100010. அதுதான் 8290. நம் ‘க’ எழுத்தும் இதே முறையில் மூன்று பைட்தான்: 224, 174, 149. வட்டில் இரண்டும் ஒரே எடை. ‘க’ திரையில் வடிவமாக வரும், இது வராது. மற்றபடி கணினிக்கு இரண்டும் எழுத்துதான்.

பைட்டுகள் தெரிந்திருப்பது ஆபத்துக்கு உதவும். யுடிஎஃப்-8 கோப்பைப் பழைய விண்டோஸ் குறிமுறையில் யாராவது திறந்து சேமித்துவிட்டால், 226 தொப்பி போட்ட ஏ எழுத்தாகவும், 162 சென்ட் நாணயக் குறியாகவும் வந்து நிற்கும். நடுவில் உள்ள 129-க்கு அந்தக் குறிமுறையில் உருவமே இல்லை. ஒரு கட்டுரையில் எண்களுக்குப் பக்கத்தில் எல்லாம் சென்ட் குறி முளைத்திருந்தால், யாரும் பணம் கேட்கவில்லை, பெருக்கல்கள்தான் வேஷம் கலைந்து வெளியே வந்திருக்கின்றன.

விசைப்பலகையில் இவற்றுக்கு விசை கிடையாது. வேர்டில் என்றால் 2062 என்று அடித்து ஆல்ட்-எக்ஸ் அழுத்துவோம். எண் மறைந்து எழுத்து உட்கார்ந்துவிடும். உட்கார்ந்ததா என்று எப்படித் தெரியும்? அம்புக்குறி விசைதான். கர்சரை இரண்டின் இடப்பக்கம் வைத்து வலது அம்பை ஒவ்வொன்றாக அழுத்தவேண்டும். முதல் அழுத்தலில் இரண்டைத் தாண்டும். அடுத்த அழுத்தலில் கர்சர் நகராது. அதற்கடுத்த அழுத்தலில் எக்ஸைத் தாண்டும். நகராமல் நின்ற அந்த ஓர் அழுத்தல்தான் பெருக்கல். எங்கள் பிரிவில் சிலர் திரையைப் பார்க்காமலே, விரலின் கணக்கிலேயே ‘இருக்கு சார்’ என்று சொல்லிவிடுவார்கள்.

இதுவரை சொன்னது எல்லாம் கைவேலை. தொழிலின் கஷ்டம் எதைப் போடுவது என்று முடிவு செய்வதில் இருக்கிறது.

சைன், காஸ், லாக் பிரச்சினை தராது. டெக் கோப்பிலேயே அவற்றுக்குத் தனிக் கட்டளை உண்டு. மாற்றும் மென்பொருள் அதைப் பார்த்துத் தானாக 2061-ஐப் போட்டுவிடும். எண்ணும் மாறியும் ஒட்டி வந்தால் பெருக்கல், அதிலும் சந்தேகமில்லை. எழுத்துக்குப் பின் அடைப்புக்குறி வந்தால்தான் தலைவலி. கிரேக்க எழுத்து பை, அதன் பின் அடைப்புக்குறிக்குள் 10 என்று வருகிறது. பள்ளிக்கூடக் கணக்கில் இது வட்டத்தின் பை பெருக்கல் பத்து: 31.4159 சொச்சம். எண் கோட்பாட்டுக் கட்டுரையில் இதே எழுத்து ‘பத்துக்குள் எத்தனை பகா எண்கள்’ என்று கேட்கும் சார்பு. 2, 3, 5, 7 என நான்கு. காகிதத்தில் இரண்டும் மயிரிழை வித்தியாசமில்லாமல் ஒன்றே. கோப்பில் ஒன்றுக்கு 2062, மற்றதற்கு 2061.

ஒரு பெண் புதிதாகச் சேர்ந்திருந்த சமயம், தயங்கித் தயங்கி வந்து கேட்டாள்.

“அண்ணா, இந்த பை-க்கு அப்புறம் என்ன போடறது? டூல் எல்லாத்துக்கும் டைம்ஸ் போட்டிருக்கு.”

“கட்டுரை எதைப் பத்தி?”

“பகா எண்கள்னு இருக்கு. நான் உள்ள படிக்கல.”

“படி. முதல் பக்கத்துல எங்கயாவது பை-ன்னா என்னன்னு சொல்லியிருப்பாங்க.”

படித்தாள். இரண்டாவது பத்தியில் இருந்தது. “அப்போ மொத்தமா ஃபைண்ட்-ரீப்ளேஸ் பண்ணிடவா?” என்றாள். எட்டாம் பக்கத்தைத் திறந்து காட்டினேன். அங்கே தொகையீடு ஒன்றின் முன்னால் ‘1-இன் கீழ் 2பைஐ’ என்று வருகிறது. அந்த பை வட்டத்தின் பை. ஒரே கட்டுரைக்குள் ஒரே எழுத்து இரண்டு வேலை பார்க்கிறது. ஒவ்வோர் இடமாகப் போய்த்தான் ஆகவேண்டும்.

பொருளியல் கட்டுரைகளில் இன்னும் நெருக்கமாக வரும். நுகர்வு என்பது வரி போன வருமானத்தைப் பொறுத்தது என்பதைச் சுருக்கமாக சி(ஒய்(1−டி)) என்று எழுதுவார்கள். இரண்டு அடைப்புக்குறி, அடுத்தடுத்து. சி-க்குப் பின்னால் வருவது சார்பு, அதாவது வருமானத்தைக் கொடுத்தால் நுகர்வைச் சொல்லும். ஒய்-க்குப் பின்னால் வருவது பெருக்கல், அதாவது வருமானத்தை ஒன்றிலிருந்து வரி விகிதம் கழித்ததால் பெருக்கு. இதைச் சரியாகப் போடுவதற்குக் கணிதம் மட்டும் தெரிந்தால் போதாது. டி என்றால் வரி, ஒய் என்றால் வருமானம் என்று பொருளியல் வகுப்பில் சொன்னது கொஞ்சம் நினைவிருக்கவேண்டும். ஓலைச்சுவடியில் புள்ளி வைக்காமல் எழுதியிருக்கும். மெய்யா உயிர்மெய்யா என்று தீர்மானிப்பது பதிப்பிக்கிறவர் பொறுப்பு. எங்கள் மாடியில் நடப்பதும் ஏறக்குறைய அந்த வேலைதான். எழுதியவர் எழுதாமல் விட்டதைப் படிக்கிறவன் எழுதுகிறான்.

வரிசை எண்களும் சங்கடம் தரும். அணியில் ஓர் உறுப்புக்குக் கீழே சிறியதாக 12 என்று போட்டால் முதல் நிரை, இரண்டாம் நிரல். நடுவில் 2063 வைக்கவேண்டும். தொடரில் ஓர் உறுப்புக்குக் கீழே 12 என்றால் பன்னிரண்டாவது உறுப்பு. எதுவும் வைக்கக் கூடாது. கீழே 112 என்று வந்தால்? முதல் நிரை பன்னிரண்டாம் நிரலா, பதினொன்றாம் நிரை இரண்டாம் நிரலா? நல்ல ஆசிரியர் அங்கே தானே காற்புள்ளி போட்டுவிடுவார். எல்லா ஆசிரியரும் அப்படி இல்லை.

சந்தேகம் வந்தால் ஆசிரியரைக் கேட்பது தொழில் வழக்கம். ஓரத்தில் ஏக்யூ என்று எண் போட்டுக் கேள்வியை எழுதி அனுப்புவோம். மற்ற கேள்விகளுக்குப் பதில் வந்துவிடும். இதற்கு மட்டும் வராது, வந்தாலும் ‘சமன்பாடு சரியாகவே உள்ளது’ என்று வரும். அவர் பார்ப்பது பிடிஎஃப். அதில் எது போட்டாலும் ஒரே மாதிரிதான் தெரியும். ‘இங்கே 2061 போடலாமா, 2062 போடலாமா’ என்று ஒரு கணிதப் பேராசிரியரைக் கேட்டால் அவர் என்ன நினைப்பார்? அதனால் கேள்வியையே மாற்றிக்கொண்டோம். ‘நான்காம் பக்கம், ஏழாம் சமன்பாடு. இதை வகுப்பில் வாய்விட்டுப் படித்தால் எப்படிப் படிப்பீர்கள்?’ இப்படிக் கேட்டதும் பதில் ஒரு வரியில் வந்தது.

வாய்விட்டுப் படிப்பதுதான் இந்தக் குறிகளுக்கு உண்மையான சோதனை. கண் பார்வை இல்லாதவர்களுக்குச் சமன்பாட்டைக் குரலில் கொடுக்க முடியும் என்று ஆணித்தரமாகக் காட்டியவர் டி.வி. ராமன். புனேயில் பிறந்து, மும்பை ஐஐடியில் படித்து, கார்னெல் பல்கலைக்கழகத்தில் 1994-ல் முனைவர் பட்டம் பெற்றவர், அவரும் பார்வையற்றவர். ஆஸ்டர் என்ற அவருடைய ஆய்வு மென்பொருள் லேடெக் கோப்பைப் படித்து, சமன்பாட்டின் அமைப்பைப் புரிந்துகொண்டு பேசியது. அந்தப் பெயர் அவருடைய வழிகாட்டி நாயின் பெயரும்கூட. இன்று நீல் சாய்ஃபர் உருவாக்கிய மேத்கேட் என்ற கருவி என்விடிஏ போன்ற திரை வாசிப்பான்களோடு சேர்ந்து மேத்எம்எல்லைப் பேச வைக்கிறது.

எங்கள் கோப்புகளைச் சோதிக்கப் பார்வையற்ற இளைஞர் ஒருவர் வருவார். முதல் நாள் அவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டபோதுதான் நாங்கள் இத்தனை நாள் போட்டுக்கொண்டிருந்தது என்னவென்று காதில் விழுந்தது. 2எக்ஸ் வந்தால் கருவி ‘டூ எக்ஸ்’ என்று மட்டும் சொல்லும். பெருக்கலைச் சொல்லாது, சொல்லவும் தேவையில்லை. அடைப்புக்குறி வந்தால்தான் வேறுபாடு. 2061 இருந்தால் ‘எஃப் ஆஃப் எக்ஸ் பிளஸ் ஒன்’. 2062 இருந்தால் ‘எஃப் டைம்ஸ், ஓபன் பேரன், எக்ஸ் பிளஸ் ஒன், க்ளோஸ் பேரன்’. அவர் ஹெட்போனைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். “சார், இந்த மூணரை என்ன சார், ‘த்ரீ டைம்ஸ் ஒன் ஹாஃப்’னு சொல்லுது? ஒண்ணரை ஆயிடுச்சே!”

மாற்றும் மென்பொருளின் விதி அது. எண்ணுக்குப் பக்கத்தில் பின்னம் வந்தால் பெருக்கல் என்று எழுதி வைத்திருந்தார்கள். 3½ என்பதில் மூன்றுக்கும் அரைக்கும் நடுவில் கூட்டல்தான் இருக்கிறது. 2064 வந்ததே அதற்காகத்தான். அந்த எண் கிடைப்பதற்கு முன் செய்த பழைய கோப்புகளில் அந்த இடம் காலியாக இருக்கும், அல்லது இப்படிப் பெருக்கல் குந்தியிருக்கும். காலியாக இருந்ததை மேத்கேட் ‘த்ரீ அண்ட் ஒன் ஹாஃப்’ என்று சரியாகவே படித்தது. இதிலிருந்துதான் ஒரு பாடம் எங்களுக்குப் பிடிபட்டது. ஒன்றும் போடாமல் விட்டால் கருவி சூழலைப் பார்த்துத் தானே ஊகிக்கும். பல இடங்களில் நன்றாகவே ஊகிக்கும். நாம் தப்பாக ஒன்றைப் போட்டால் பெரும்பாலும் நம்மை நம்பிவிடும்.

பேச்சைத் தவிர வேறு பயன்களும் இருக்கின்றன. நீளமான சமன்பாடு கைப்பேசித் திரையில் அடுத்த வரிக்கு மடங்கவேண்டும் என்றால், எங்கே மடிக்கலாம் என்பதைச் செயற்குறிகளை வைத்துத்தான் முடிவு செய்யவேண்டும். தெரியாத பெருக்கலில் வரி உடைந்தால், அந்த இடத்தில் மட்டும் அதைக் கண்ணுக்குத் தெரியும் பெருக்கலாகக் காட்டச் சொல்ல மேத்எம்எல் 3-இல் ஒரு பண்பே உண்டு. சமன்பாட்டை நகலெடுத்துக் கணிக்கும் மென்பொருளில் ஒட்டினால் எது பெருக்கல், எது சார்பு என்று அதற்கும் தெரியும்.

நகலெடுப்பதில்தான் வம்பும் இருக்கிறது. வேர்டின் சமன்பாட்டுப் பெட்டியில் சைன் எக்ஸ் என்று அடித்தால் வேர்டு நடுவில் 2061-ஐத் தானாக வைத்துக்கொள்ளும். அதைச் சாதாரண எழுத்தாக நகலெடுத்து ஒட்டினால் கூடவே வந்துவிடும். அங்கிருந்து கட்டுரைத் தலைப்புக்குள்ளும் தரவுத்தளத்துக்குள்ளும் நுழையும். பிறகு அந்தத் தலைப்பைத் தேடினால் கிடைக்காது. வரிசைப்படுத்தும்போது யூனிகோட் முறை இந்த எழுத்தைக் கணக்கில் எடுப்பதில்லை, அதனால் இரண்டு தலைப்பும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். ஒப்பிட்டுப் பார்த்தால் வேறு வேறு என்று வரும். வெற்றிடம் நீக்கும் டிரிம் கட்டளை இதைத் தொடாது, ஏனென்றால் இது வெற்றிடமே அல்ல. பைதானில் ஒட்டினால் ‘அச்சிட முடியாத எழுத்து’ என்று எண்ணோடு சொல்லி நின்றுவிடும். எனக்குப் பைதான் பிடிக்க இதுவும் ஒரு காரணம். மற்றவை வாய் திறக்காமல் தப்பாக நடக்கும்.

போதாததற்கு, தெரியாத எழுத்துகளை வைத்து விளையாடுகிறவர்கள் வேறு. பயனர் பெயரைக் காலியாகக் காட்டுவது, வடிகட்டியின் கண்ணில் படாமல் இருக்க ஒரு சொல்லின் நடுவில் செருகுவது எல்லாம் உண்டு. 2021-ல் கேம்பிரிட்ஜின் நிக்கலஸ் பவுச்சரும் ராஸ் ஆண்டர்சனும், எழுத்தின் திசையை மாற்றும் தெரியாத குறிகளை வைத்து நிரலின் தோற்றத்தையே ஏமாற்றலாம் என்று காட்டினார்கள். அதன் பிறகு எச்சரிக்கை அதிகமானது. எங்களுக்கு வேலை தந்த பதிப்பகம் ஒன்று, உள்ளே வரும் கோப்புகளில் ஃபார்மட் வகை எழுத்துகள் அனைத்தையும் துடைத்தெடுக்கும் நிரல் ஒன்றைப் போட்டுவிட்டது. பெருக்கலும் சார்பும் போயின. அதோடு நிற்கவில்லை. பாரசீக மொழிச் சுருக்கங்களில் சொல்லின் பகுதிகளை ஒட்டாமல் வைக்கும் இணைப்பு நீக்கிக் குறியும் போனது, எழுத்துகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. அதே குறியைத் தமிழில் க், ஷ இரண்டையும் ‘க்ஷ’ ஆகச் சேரவிடாமல் பிரித்து எழுதப் பயன்படுத்துகிறோம், அதுவும் போயிருக்கும். பாரசீக ஆசிரியர்கள் புரூஃபைப் பார்த்த உடனே கத்தினார்கள், கண்ணுக்குத் தெரிந்ததே. கணித ஆசிரியர் ஒருவர்கூடக் கத்தவில்லை.

சில ஆண்டுகளாக இந்த வேலைக்கு மவுசு கூடியிருக்கிறது. குரோம் உலாவி 2013-ல் மேத்எம்எல்லை ஒரு பதிப்பில் சேர்த்துவிட்டு உடனே எடுத்துவிட்டது. ஸ்பெயினின் இகாலியா நிறுவனத்தின் உழைப்பால் 2023 ஜனவரியில், 109-ஆம் பதிப்பில் திரும்பக் கொண்டுவந்தது. ஆர்க்கைவ் தளம் 2023 டிசம்பரிலிருந்து கட்டுரைகளை இணையப் பக்கமாகவும் தருகிறது. அமெரிக்காவின் என்ஐஎஸ்டி நிறுவனத்தில் புரூஸ் மில்லர் உருவாக்கிய லேடெக்எம்எல் அதன் பின்னால் இருக்கிறது. அது சமன்பாட்டை இலக்கணம் பிரிப்பதுபோல் பிரித்துத் தெரியாத குறிகளைத் தானே போடுகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் அணுகல்தன்மைச் சட்டம் 2025 ஜூன் 28 முதல் மின்னூல்களையும் கட்டுப்படுத்துகிறது. அதுவரை ‘மேத்எம்எல் இருக்கா’ என்று மட்டும் கேட்ட பதிப்பகங்கள், இப்போது ‘படித்தால் சரியாக வருகிறதா’ என்று கேட்கின்றன.

இந்த நான்கு குறிகளால் மட்டும் எல்லாவற்றையும் தீர்க்க முடியாது என்பதும் தெளிவாகிவிட்டது. (6, 9) என்று ஒரு கட்டுரையில் வருகிறது. அது திறந்த இடைவெளியா, தளத்தில் ஒரு புள்ளியா, மீப்பெரு பொது வகுத்தியா? கடைசியானது என்றால் விடை 3. காற்புள்ளி கண்ணுக்கு நன்றாகத் தெரிகிறது, இருந்தும் பொருள் தெரியவில்லை. மேத்எம்எல் 4 வரைவில் ‘இன்டென்ட்’ என்றொரு பண்பைச் சேர்க்கிறார்கள்; ஒரு சமன்பாட்டுத் துண்டு எதைக் குறிக்கிறது என்று அதில் எழுதிவிடலாம். அடுக்கில் நிற்கும் டி, அணியைத் திருப்பும் குறியா, அடுக்கு எண்ணா என்பதையும் அதில் சொல்லலாம். கேட்க நன்றாக இருக்கிறது. யார் சொல்வது என்பதுதான் பழைய கேள்வி. கட்டுரையைப் படித்தவர்தான் சொல்ல முடியும்.

பக்கக் கூலியில் இதற்கு இன்னும் தனிக் கணக்கு இல்லை. டேபிளுக்கு இவ்வளவு, படத்துக்கு இவ்வளவு என்று விலைப்பட்டியலில் இருக்கும்; தெரியாத பெருக்கலுக்கு எங்கும் விலை எழுதியிருக்காது. அதனால் அவசரத்தில் எல்லா இடத்திலும் பெருக்கலைப் போட்டு அனுப்பும் நிறுவனங்களும் உண்டு. சரிபார்க்கும் நிரல் அதை ஏற்றுக்கொள்ளும். செயற்குறி இருக்கவேண்டிய இடத்தில் ஏதாவது ஒன்று இருக்கிறதா என்பதைத்தான் அது பார்க்கும். சரியான கோப்புக்கும் தப்பான கோப்புக்கும் அளவுகூட ஒரு பைட் மாறாது.

எங்கள் பிரிவில் இப்போது மூன்று வழக்கங்கள் இருக்கின்றன. சந்தேகம் தீராத இடத்தைக் காலியாக விடு; ஊகிக்கும் கருவியின் வேலையைக் கெடுக்காதே. ஆசிரியரிடம் எழுத்தின் எண்ணைக் கேட்காதே, வாசிப்பைக் கேள். புரூஃப் போகும் முன் போட்டவர் அல்லாத இன்னொருவர் ஹெட்போன் மாட்டிக்கொண்டு சமன்பாடுகளைக் கேட்கட்டும். மூன்றாவதுக்குத்தான் நேரம் பிடிக்கிறது, மேலாளரிடம் பேச்சும் வாங்கித் தருகிறது. ஆனாலும் அதை விடமுடியாது. 226, 129, 162 என்ற மூன்று பைட்டைக் கட்டுரையைப் படித்தவனும் போடலாம், படிக்காதவனும் போடலாம். எவன் போட்டான் என்று கோப்பைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது, கேட்டால்தான் தெரியும்.